வெல்லரினும் செல்லுலோசினும்: புதுச்சேரி வல்லாரை ஆய்வு முதல் விருந்தோம்பி மூலக்கூறுகள் வரை – ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சு ஆட்சிக்கால புதுச்சேரியில் பணியாற்றிய மருந்தாளுநர் லெபீன், வல்லாரையிலிருந்து பிரித்த மணமுள்ள எண்ணெய்ப் பொருளுக்கு அச்செடியின் தமிழ்ப் பெயரடியாக ‘வெல்லரின்’ எனப் பெயரிட்டார். அவரது ஆய்வு 1855இல் வெளிவந்தது. பிறர் அதைத் தம் ஆய்வகத்தில் பெற முடியாமையால் அப்பெயர் வேதியியலிலிருந்து மறைந்தது. 1891இல் பாரிசில் வில்லியே மாவுப்பொருளிலிருந்து பெற்ற ‘செல்லுலோசின்’ என்னும் படிகமோ சைக்ளோடெக்ஸ்ட்ரின் எனும் பெயரில் இன்று நறுமண எண்ணெய்களைக் காக்கும் விருந்தோம்பி மூலக்கூறாக நிலைபெற்றுள்ளது. இவ்விரு பொருள்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து, மணம் காத்தல் குறித்த மரபறிவும் இக்காலப் பசுமைக் கரைப்பான் ஆய்வும் எவ்விடத்தில் சந்திக்கின்றன, எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வல்லாரை, வெல்லரின், புதுச்சேரி, நறுமண எண்ணெய், சைக்ளோடெக்ஸ்ட்ரின், பசுமைக் கரைப்பான்

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடபகுதியில் அமைந்துள்ள கருவடிக்குப்பம் இலக்கிய ஆய்வாளர்க்குப் பாரதியின் குயில் தோப்பாலும், ஆன்மிக வரலாற்றாய்வாளர்க்குச் சித்தானந்த சுவாமிகள் கோயிலாலும் அறிமுகமான ஊர். இந்நகர்ப்பகுதியை உள்ளடக்கிய பழைய பிரெஞ்சு நிலப்பரப்புக்கு அறிவியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. இந்நிலப்பரப்பின் மூலிகைகளும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும் பிரெஞ்சு மருந்தியல் இதழ்களில் இடம்பெற்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1823இல் இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது; 1826இல் தாவரவியல் பூங்கா உருவானது. பெரோத்தே என்னும் தாவரவியலார் இந்நகரில் நெடுங்காலம் பணியாற்றி 1870இல் இங்கேயே மறைந்தார். இச்சூழலில் நிகழ்ந்த வல்லாரை ஆய்வே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

நறுமண எண்ணெய்களை நிலைப்படுத்துதல் என்பது இன்றைய வேதியியலின் சிக்கலாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. செடியிலிருந்து மணத்தைப் பிரிப்பது எளிது, பிரித்ததைக் காப்பது அரிது என்பதை மருந்து செய்வோர் எக்காலத்தும் அறிந்திருந்தனர். அவ்வறிவு எவ்வெவ்வாறு சொல்லப்பட்டது, எதில் பதிவானது, எதில் தவறியது என்பது வரலாற்று வினா. வெல்லரினின் கதை இவ்வினாவுக்கு நல்ல சான்றாகிறது.

1. தமிழ்ப் பெயர்களும் பிரெஞ்சு மருந்தியலும்

நறுமணப் பொருள்களின் உலகப் பெயர்களுள் சில தமிழிலிருந்து சென்றவை. அவற்றுள் ஐயத்திற்கு இடமில்லாதது வெட்டிவேர். பிரெஞ்சு மொழி இச்சொல்லை ‘வெத்திவேர்’ என ஏற்றது; பிரெஞ்சின் வழியாக அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. இவ்வேரை வேதியியல் நோக்கில் முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர் பிரெஞ்சு வேதியியலார் வொக்லேன். அவரது பகுப்பாய்வு 1809இல் வெளிவந்தது. ‘பச்சோலி’ எனும் பெயரையும் அகராதிகள் தமிழ்ச் சொல்லடியாகவே கொள்கின்றன. மூலச்சொல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வல்லாரையின் தமிழ்ப் பெயரைச் சென்னையில் பணியாற்றிய பிரித்தானிய மருத்துவர் ஐன்சிலி தம் நூலில் பதிவு செய்துள்ளார். அந்நூல் 1813இல் சென்னையிலும், விரிவாக்கப்பட்ட வடிவில் 1826இல் இலண்டனிலும் வெளியாயிற்று. திருவல்லிக்கேணியில் மருத்துவராக விளங்கிய முகைதீன் ஷெரீப் 1869இல் வெளியிட்ட இந்திய மருந்து நூல் துணைத்தொகுதி, மூலிகைகளின் தமிழ் உள்ளிட்ட பன்மொழிப் பெயர்களைத் தொகுத்தளித்தது. இவை செடிக்கான பெயர்ப் பதிவுகள். லெபீன் செய்தது இவற்றினின்றும் வேறானது: செடியின் தமிழ்ப் பெயரை அதிலிருந்து பிரித்த வேதிப்பொருளுக்கே இட்டார். இலத்தீன் பெயரடியாகப் பொருள்களுக்குப் பெயரிடுவது வழக்காயிருந்த காலத்தில் இது கருதத்தக்கது.

2. வெல்லரின்: 1855ஆம் ஆண்டுப் பதிவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வல்லாரை தொழுநோய்க்கு மருந்தாகக்கூடும் என்ற எதிர்பார்ப்பு மொரீசியசிலும் இந்தியாவிலும் எழுந்தது. அதையொட்டிப் புதுச்சேரியில் லெபீன் மேற்கொண்ட ஆய்வு 1855இல் பிரெஞ்சு மருந்தியல் இதழில் வெளிவந்தது. அவர் பெற்ற பொருளைப் பற்றிப் பிற்காலத்தவர் பலரும் அறிந்தது பெரும்பாலும் புளூக்கிகர், ஹான்பரி ஆகிய இருவரும் 1874இல் வெளியிட்ட ‘பார்மகோகிராபியா’ எனும் நூலின் வழியாகவே. அந்நூல் தரும் செய்திகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

வெல்லரின் ஓர் எண்ணெய்மை வாய்ந்த நீர்மம். பசுமையான வல்லாரையின் மணமும் சுவையும் உடையது. ஆவியாகாதது. சாராயத்திலும் ஈதரிலும் கரைவது. உலர்ந்த செடியில் நூற்றுக்கு 0.8 முதல் 1.0 பங்கு வரை கிடைப்பது. இப்பண்புகளை ஒருசேரக் கொண்ட பொருளை அன்று அறியப்பட்டிருந்த கரிமச் சேர்மங்களின் எவ்வகுப்பிலும் சேர்க்க இயலவில்லை என்று அந்நூலாசிரியர்கள் கருதினர்.

இவ்விவரிப்பில் ஒரு முரண் உள்ளது. மணம் என்பது மூக்கை எட்டும் ஆவி. முற்றிலும் ஆவியாகாத பொருளுக்கு மணம் இருத்தல் இயலாது. எனவே வெல்லரின் தனிச் சேர்மமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. எளிதில் ஆவியாகாத கனமான எண்ணெய்ப் பகுதியும் அதில் கரைந்திருந்த மெல்லிய மணப்பகுதியும் சேர்ந்த கலவையாகவே இருந்திருக்க வேண்டும் என ஊகிக்கலாம். வல்லாரையின் நறுமண எண்ணெயில் காரியோபிலீன், ஹியூமுலீன் முதலான பதினைந்து கரியணுக் கொண்ட டெர்பீன்கள் முதன்மை பெறுகின்றன என்னும் பிற்கால அறிவு இவ்வூகத்திற்கு இசைவானது. அவ்வாறாயின், லெபீனின் குப்பியில் கனமான பகுதி மெல்லிய பகுதிக்கு இயல்பான காப்பாக அமைந்திருந்தது எனலாம்.

3. 1874: கிடைக்காமற்போன பொருள்

புளூக்கிகரும் ஹான்பரியும் லெபீனின் கூற்றைத் தாமே சோதித்தனர். மூன்று அவுன்சு உலர் வல்லாரையைத் தூய சாராயத்தில் ஊறவைத்து வடித்தபோது வெல்லரினை ஒத்த எதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. கிட்டியது ஒரு பச்சைநிறச் சாரம். அது பெரும்பாலும் வெந்நீரில் கரைந்தது. துவர்ப்புப் பொருளே அதில் மிகுந்திருந்தது.

இச்சோதனையை அளவு நோக்கில் மதிப்பிடுதல் வேண்டும். மூன்று அவுன்சு என்பது ஏறத்தாழ 85 கிராம். லெபீன் கூறிய விழுக்காட்டின்படி அதில் எதிர்பார்க்கத்தக்க வெல்லரின் 0.7 முதல் 0.85 கிராம் வரையே. அதாவது ஒரு கிராமிற்கும் குறைவு. அத்துணைச் சிறு அளவிலான எண்ணெய், செடியின் பச்சையமும் துவர்ப்பும் கலந்த சாரத்தில் புலப்படாது போதல் இயல்பு. அன்றியும், புதுச்சேரியில் அண்மையில் பறித்து உலர்த்தப்பட்ட செடியும், கடல்கடந்து ஐரோப்பாவில் கிடைத்த உலர் செடியும் மணத்தளவில் ஒன்றாகா. எனவே அச்சோதனை லெபீனின் கூற்றை முற்றாக மறுத்தது என்பதைவிட, உறுதிப்படுத்தவில்லை என்பதே பொருந்தும்.

ஆயினும் விளைவு ஒன்றே. மீளப் பெற முடியாத பொருளுக்கு வேதியியலில் இடமில்லை. டைமோக், வார்டன், உதகமண்டலத்தில் பணியாற்றிய ஹூப்பர் ஆகியோர் 1890 முதல் 1893 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘பார்மகோகிராபியா இண்டிகா’ போன்ற நூல்களில் வெல்லரின் பழைய பதிவாக மட்டுமே நிலைத்தது. 1940களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து போந்தேம் பிரித்தெடுத்த ஆசியாட்டிகோசைடு இச்செடியின் புகழை முழுவதும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அது இரண்டு குளுக்கோசு அலகுகளும் ஒரு ராம்னோசு அலகும் இணைந்த டிரைடெர்பீன் கிளைக்கோசைடு. திண்மப்பொருள், ஆவியாகாதது, அளந்து மீளப் பெறத்தக்கது. வல்லாரையின் மணம் பற்றிய வினா அதன்பின் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

4. மணம் காத்தலில் மரபின் வழிகள்

மணம் இழப்பு குறித்த விழிப்பு ஏட்டு வேதியியலுக்கு முற்பட்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவி கூந்தலை நீராட்டியதைக் கூறுகிறது. துவர்ப்பொருளும் மணப்பொருளும் ஒருங்கே ஊறவைக்கப்படுவது அங்குக் குறிக்கத்தக்கது. அதை வேதியியல் செய்முறையாகப் பொருள்கொள்ளுதல் மிகையாகும். மணப்பொருள்களை வகைப்படுத்தும் மரபு இருந்தது என்ற அளவில் கொள்ளலாம்.

வல்லாரையைப் பொறுத்தவரை மருத்துவ மரபு மூன்று வழிகளைக் கையாள்கிறது. ஒன்று, பச்சைச் சாற்றை உடனே பயன்படுத்துதல். இது காத்தல் தேவையையே தவிர்ப்பது. இரண்டு, நிழலில் உலர்த்துதல். வெப்பத்தால் நேரும் இழப்பைக் குறைப்பது. மூன்று, வல்லாரை நெய் போல நெய்யிலோ எண்ணெயிலோ சாற்றைக் காய்ச்சி இறக்குதல். நீரில் நில்லாத பொருள்களைக் கொழுப்பில் தங்கவைப்பது. கன்னோசி அத்தர் செய்வோர் மலர்களின் ஆவியைச் சந்தன எண்ணெயில் செலுத்துவதும் இம்மூன்றாம் வழியைச் சார்ந்ததே. அங்குச் சந்தன எண்ணெய் கரைப்பானாகவும் நிலைநிறுத்தியாகவும் ஒருங்கே செயற்படுகிறது.

காலனிய மருந்து நூல்கள் இரண்டாம் வழியை உடன்பட்டன. 1868ஆம் ஆண்டு இந்திய மருந்து நூல், வல்லாரை இலையை நிழலில் உலர்த்தவும் செயற்கை வெப்பத்தைத் தவிர்க்கவும் பொடியை நன்கு அடைத்த புட்டியில் வைக்கவும் அறிவுறுத்துகிறது. லெபீனின் மணப்பொருளைத் தேடியவர்கள் இவ்வறிவுரையைச் சோதனையின் முன்நிபந்தனையாகக் கொண்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். செடியின் பெயர் பதிவாயிற்று. செடியை எந்நிலையில் எடுத்தாள வேண்டும் என்னும் அறிவு பெயரோடு சேர்ந்து செல்லவில்லை.

5. செல்லுலோசின்: 1891 முதல் விருந்தோம்பி மூலக்கூறு வரை

வெல்லரின் மறைந்துகொண்டிருந்த காலத்தில் பாரிசு மருந்தியல் உயர்கல்லூரியைச் சார்ந்த வில்லியே மாவுப்பொருளின் மீது நுண்ணுயிரிகளின் செயலை ஆராய்ந்தார். 1891இல் அவர் ஒரு புதிய படிகப் பொருளை அறிவித்தார். ஆயிரம் கிராம் மாவுப்பொருளிலிருந்து ஏறத்தாழ மூன்று கிராம் அளவே அது கிடைத்தது. அமில நீராற்பகுப்பை எளிதில் ஏலாமை முதலிய பண்புகளில் செல்லுலோசை ஒத்திருந்தமையால் அதற்குச் ‘செல்லுலோசின்’ எனப் பெயரிட்டார்.

விளைச்சல் விகிதத்தை நோக்கின் வில்லியேவின் 0.3 விழுக்காடு லெபீனின் அளவைவிடக் குறைவு. எனினும் செல்லுலோசின் மறையவில்லை. அது படிகமாயிருந்தமையே காரணம். படிகத்தைப் பிறர் மீண்டும் பெறலாம், ஒப்பிடலாம், தூய்மையை உறுதிசெய்யலாம். 1903 முதல் 1911 வரை வியன்னாவில் சார்டிங்கர் அதையே வேறொரு நுண்ணுயிரியின் துணையால் பெற்று ஆல்பா, பீட்டா என இரண்டாகப் பகுத்தார். 1930களில் பிராய்டன்பெர்க் குழுவினர் அவை குளுக்கோசு அலகுகள் வளையமாக இணைந்தவை எனத் தெளிவுபடுத்தினர். காமா வகையும் பின்னர் அறியப்பட்டது. 1950களில் கிராமர் இவ்வளையங்கள் பிற மூலக்கூறுகளைத் தம் குழிவில் ஏற்பதை விரிவாக ஆராய்ந்தார். 1953இல் பிராய்டன்பெர்க், கிராமர், பிளீனிங்கர் ஆகியோர் பெற்ற காப்புரிமை, ஆவியாகும் பொருள்களையும் காற்றால் கெடும் பொருள்களையும் காக்கும் பயன்பாட்டிற்கு வழிவகுத்தது.

ஆல்பா வகையில் 6, பீட்டா வகையில் 7, காமா வகையில் 8 குளுக்கோசு அலகுகள் உள்ளன. மூலக்கூறு அடியில்லாத கூம்புக் கிண்ணம் போன்றது. வெளிப்புறம் நீரை நாடுவது. உட்குழிவு நீரை விலக்குவது. லிமோனீன், தைமால் போன்ற பத்துக் கரியணு மூலக்கூறுகள் பீட்டா வகையின் குழிவில் பெரும்பாலும் பொருந்துகின்றன. குழிவினுள் இருந்த நீர் வெளியேற மணமூலக்கூறு உட்புகுகிறது. இருவர்க்குமிடையே வேதிப்பிணைப்பு ஏதும் உண்டாவதில்லை. ஆகவே தக்க சூழலில் உட்புகுந்தது மாறாது வெளியேறும். வந்தவரை ஏற்று, காத்து, தடையின்றி விடுக்கும் இவ்வியல்பினால் இதனை ‘விருந்தோம்பி மூலக்கூறு’ எனல் தமிழில் மிகப் பொருந்துகிறது. ‘விருந்து’ என்னும் சொல் தொல்காப்பியத்தில் புதுமையைக் குறிப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பீட்டா வகை 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 18.5 கிராம் மட்டுமே கரையும். மலிவானதும் மணமூலக்கூறுகளுக்கு ஏற்றதுமான வகையே நீரில் மிகக் குறைவாகக் கரைவது பயன்பாட்டுச் சிக்கலாயிற்று. மேலும் நறுமண எண்ணெய் என்பது பல சேர்மங்களின் கலவை. அவற்றுள் சில எளிதில் குழிவேறும், சில ஏறா. காக்கப்பட்ட எண்ணெயின் மணம் மூல எண்ணெயின் மணத்தினின்றும் சற்றே வேறுபட வாய்ப்புண்டு.

6. பசுமைக் கரைப்பான்களின் வருகை

அனஸ்டாஸ், வார்னர் ஆகியோர் 1998இல் பசுமை வேதியியலின் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கரைப்பான்களைத் தவிர்த்தலும் தீங்கற்றவற்றைப் பயன்படுத்தலும் அவற்றுள் ஒன்று. நறுமணத் தொழிலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டு மல்லிகையின் மணச்சாரம் பிரிப்பதற்குப் பரவலாகப் பயன்படுவது பெட்ரோலிய வழிவந்த ஹெக்சேன்.

2003இல் இங்கிலாந்தின் இலெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அபட் குழுவினர் கோலின் குளோரைடும் யூரியாவும் ஒன்றுக்கு இரண்டு என்னும் மோல் விகிதத்தில் சேரும்போது உருவாகும் நீர்மத்தை அறிவித்தனர். கோலின் குளோரைடு 302 பாகையிலும் யூரியா 133 பாகையிலும் உருகுபவை. கலவையோ 12 பாகையிலேயே உருகுகிறது. இத்தகையன ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள் எனப்படும். 2011இல் சொய், வெர்போர்ட்டே முதலானோர் சர்க்கரை, கரிம அமிலம், அமினோ அமிலம், கோலின் போன்ற செடிகளின் இயல்பான பொருள்களாலேயே இத்தகு நீர்மங்கள் உருவாவதைக் காட்டினர். நீரிலும் கொழுப்பிலும் எளிதில் கரையாத பொருள்கள் செடியின் உயிரணுவில் இந்நீர்மங்களில் தங்கக்கூடும் என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள்.

விருந்தோம்பி மூலக்கூறும் பசுமைக் கரைப்பானும் இணைந்தது மிக அண்மையில். வடபிரான்சின் டன்கர்க் நகரை மையமாகக் கொண்ட லித்தோரால் பல்கலைக்கழகக் குழுவினரும் உடனாய்வாளர்களும் 2019இல், கோலின் குளோரைடு–யூரியா கரைப்பானிலும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஆவியாகும் மூலக்கூறுகளை உள்ளேற்பதற்கு முதற்சான்று அளித்தனர். நீரில் தயங்கிக் கரையும் பீட்டா வகை இந்நீர்மத்தில் நன்கு கரைவது ஒரு நன்மை. நீரைவிடப் பன்மடங்கு மணப்பொருளை இந்நீர்மமே ஏற்பது மற்றொன்று. ஆனால் நீரை விலக்கும் விசையே மணமூலக்கூறை உட்குழிவுக்குள் செலுத்துவது. நீர் குறைந்த சூழலில் அவ்விசை தளர்வதால் பிணைப்பும் பொதுவாகத் தளர்கிறது. கரைப்பான் காப்பதும் கிண்ணம் காப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியாகவும் அமையலாம்.

‘பசுமை’ என்னும் அடைமொழியையும் எச்சரிக்கையோடு ஆளுதல் வேண்டும். கூறுகள் தீங்கற்றவை என்பதனால் மட்டும் கலவை தீங்கற்றதாகிவிடாது. இந்நீர்மங்கள் பிசுபிசுப்பு மிக்கவை. ஆவியாகாமையால் சாரத்தினின்றும் அவற்றைப் பிரித்தல் கடினம். உட்கொள்ளும் மருந்தாயின் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது.

7. ஒப்பீடும் அதன் வரம்பும்

நெய், சந்தன எண்ணெய், சைக்ளோடெக்ஸ்ட்ரின், ஆழ் யூடெக்டிக் நீர்மம் ஆகிய நான்கும் ஒரே நோக்கத்தை நிறைவேற்றுகின்றன. ஆவியாகும் பொருளைத் தம்பால் இருத்துகின்றன. இவ்வொற்றுமையைக் கொண்டு மரபில் மூலக்கூறு அறிவு இருந்தது என்று முடிவு செய்தல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. நெய்யும் எண்ணெயும் கரைப்பான்கள் மட்டுமே. அவற்றுக்கு அளவொத்த குழிவு இல்லை. எம்மூலக்கூறை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் தேர்வு அவற்றில் மிகக் குறைவு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் வடிவத்தால் தேர்வு செய்கிறது.

மறுபுறம், மரபின் செய்முறை வெறும் பழக்கம் என ஒதுக்குதலும் பொருந்தாது. நிழலுலர்த்தல், அடைத்து வைத்தல், கொழுப்பில் இறக்குதல் ஆகியன வெப்பம், காற்று, நீர் ஆகிய மூன்று இழப்புக் காரணங்களுக்கும் விடையளிக்கின்றன. இவை சோதிக்கத்தக்க கூற்றுகள். வெல்லரினின் தோல்வியில் விடுபட்டதும் இத்தகைய செயல்நிலை அறிவே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெல்லரின் என்பது தனிச்சேர்மமன்று, புதுமணம் தாங்கிய எண்ணெய்க் கலவை எனக் கொள்ளும்போது அதன் விவரிப்பில் உள்ள முரண் நீங்குகிறது. இரண்டாவது, செல்லுலோசின் நிலைத்தமைக்கும் வெல்லரின் மறைந்தமைக்கும் பொருளின் சிறப்பைவிட மீளப் பெறத்தக்க படிகநிலையே காரணம். அறிவியல் நினைவு படிகங்களுக்குச் சார்பானது, கலவைகளுக்கு அன்று. மூன்றாவது, மறைந்த கலவையின் மணத்தைக் காக்கத்தக்க கருவியாக இன்று நிற்பது நிலைத்த அப்படிகமே.

இவ்வாய்வு ஏட்டளவில் முடியத்தக்கதன்று. புதுச்சேரி வட்டாரத்தில் ஈரநிலங்களிலும் வரப்புகளிலும் படரும் வல்லாரையைப் பறித்த அன்றே ஒரு பங்கைச் சாறாகவும், ஒரு பங்கை நிழலுலர்வாகவும், ஒரு பங்கை வெப்பவுலர்வாகவும் கொண்டு அவற்றின் மணப்பகுதியை ஒப்பிடலாம். அதே மணப்பகுதியை நெய்யிலும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினிலும் பசுமைக் கரைப்பானிலும் இருத்தி, ஆறு மாத இடைவெளியில் அளக்கலாம். வேதியியல் துறையும் சித்த மருத்துவத் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து செய்யத்தக்க பணி இது. தமிழ்ப் பெயரைத் தாங்கி ஐரோப்பா சென்று அங்கு மெய்ப்பிக்கப்படாமற்போன ஒரு பொருளுக்கு அது பிறந்த ஊரிலேயே நேர்மையான மறுசோதனை நடத்த இப்போது கருவிகள் உள்ளன. விடை எதுவாயினும் அது வெல்லரினின் வரலாற்றை நிறைவுசெய்யும்.